நங்கூரம் கட்டிய மாடுகள்

தொழிற்கருவியை இழந்தவருக்கு, இழந்த அதே வகைக் கருவியே மாற்றாக வழங்கப்பட வேண்டும். நிவாரண விதி இவ்வளவு தெளிவாகத்தான் இருந்தது. அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலில் எங்கள் அய்யா இழந்தது ஒரு வள்ளம். மிஞ்சியது அதன் நங்கூரம். அவருக்குக் கிடைத்தது ஒரு ஜோடி உழவு மாடு.

அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. எங்களைத் தீவிலிருந்து பெயர்த்து, கடல் கண்ணில் படாத தூரத்தில் குடியமர்த்தியிருந்தார்கள். அங்கே குடியிருப்பவன் விவசாயி, விவசாயிக்கு மாடு. நிலம் பிறகு வருமாம். அய்யா வள்ளம் கேட்டு மனுப் போட்டார். அந்தோணியார் கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லி, அன்றே ஒரு துடுப்பைச் செதுக்கத் தொடங்கினார்.

அதுவரை மாடுகளை விற்கக் கூடாது, சும்மா நிறுத்தவும் கூடாது என்பது உத்தரவு. அய்யா அவற்றைக் கரைக்கு ஓட்டிப்போய், மாமாவின் கரைவலைக் கயிற்றில் பூட்டினார். புயலுக்குப் பின் வலை இழுக்க ஆள் போதவில்லை. இழுப்பவருக்குத் தலைக்கு ஒரு பங்கு மீன் என்பது வழக்கம். அய்யா மூன்று பங்கு கேட்டார்.

“பங்கு கையை வச்சுத்தான் மாப்ள. மாட்டுக்குக் கை எங்கன இருக்கு?” என்றார் மாமா.

“காலு நாலு இருக்குல்ல மச்சான். அதை நான் கணக்குல சேக்கவே இல்லையே.”

இரண்டு மாட்டுக்கும் சேர்த்து ஒரு பங்கு என்று முடிந்தது.

மாடுகள் நன்றாக இழுத்தன. அவற்றை நிறுத்தத்தான் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வலை கரையேறிய பிறகும் அவை நடந்தன. சிந்திய மீனைப் பொறுக்கிக்கொண்டு பெண்கள் பின்னால் ஓடினார்கள். உடைமுள் மரத்தில் சிக்கி வலை கிழிந்த பிறகே ஊர்வலம் நின்றது.

“நாளைக்கு இதுக நிக்கணும். இல்லாட்டி உனக்குப் பங்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது” என்றார் மாமா. அந்தப் பங்கில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஓடுகிற ஒன்றை நிறுத்த எங்கள் ஆட்கள் அறிந்த வழி ஒன்றே. மறுநாள் நுகத்தடியில் கயிறு கட்டி, மறுமுனையில் இருந்த நங்கூரத்தை அம்மாவிடம் கொடுத்தார் அய்யா. மாமா கையைத் தூக்கினால் அம்மா அதை மணலில் போடுவாள். சில நாளில், அம்மா குனிந்தாலே மாடுகள் நின்றன.

மாடுகள் உரியபடி பயன்படுகின்றனவா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தான் மீன்பிடிக்கிறவன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று அய்யாவுக்கு ஒரே மகிழ்ச்சி. நங்கூரத்தைக்கூடத் தூக்கிக் காட்டினார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

‘வழங்கப்பட்ட மாடுகளைக் கொண்டே மனுதாரர் மீன்பிடித்து வருவதாலும், அவற்றுக்குரிய நங்கூரம் கைவசம் உள்ளதாலும், வள்ளம் தேவைப்படவில்லை’ என்று பதில் வந்தது.

பிற்காலத்தில் இத்தகைய பதில்களை எழுதியே ஓய்வூதியம் பெற்றவன் நான். அதில் திருத்த ஒரு சொல் இல்லை. அன்று எனக்குப் புரிந்தது, எங்கள் மாடுகளை மீனவர்கள் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது என்பதுதான். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது, அய்யா துடுப்பைக் கூரையில் செருகிக்கொண்டிருந்தார். ஏனென்று விளங்கவில்லை. பதில் வந்த தேதி அவர் சொன்னபடியே கொடியேற்றத்துக்கு முந்தின நாள். வருடம் மட்டும் மூன்று தள்ளி.