படிக்கட்டு வாரம்

ஜெர்மனியில் எஸ்லிங்கன் என்ற ஊரில், அந்த ஆறு குடித்தன வீட்டில் ஒட்டிலி ராப்புக்கு இருந்த நல்ல பெயர் வேறு யாருக்கும் இல்லை. படிக்கட்டு வாரம் யாருடையதோ அவர்கள் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். அந்த வீட்டுக்காரி வாரம் முழுக்கப் படிகளைப் பெருக்கி, சனிக்கிழமை மண்டியிட்டுக் கழுவி, நிலவறையையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் பலகையை அடுத்த கதவுக்கு மாற்றலாம். மற்றப் பெண்கள் முனகிக்கொண்டே செய்வார்கள். ஒட்டிலி மட்டும் அடுத்தவர் முறையையும் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

"இடுப்பு வலின்னு சொன்னீங்களே. பலகையைக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

இதைக் கேட்டு அவள் கணவன் ஓய்கனுக்குத் தலைகால் புரியாது. நகராட்சியில் குமாஸ்தா. "என் பொண்டாட்டி மாதிரி ஒருத்தியைக் காட்டு பாப்போம்" என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

விஷயம் வேறு. வாளியும் பிரஷ்ஷுமாகப் போகிற பெண்ணை எங்கே போகிறாய், என்ன செய்கிறாய் என்று உலகத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அரை மணியில் வேலையை முடித்துவிட்டு ஒட்டிலி நிலவறைக்குள் போவாள். உருளைக்கிழங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, வாளியில் துணிக்கடியில் வைத்திருந்த நோட்டை எடுத்து எழுதுவாள். மேலே இருப்பவர்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க, அவ்வப்போது பிரஷ்ஷால் தரையை நாலு தேய் தேய்த்துக்கொள்வாள். இப்படியே ஏழு வருஷத்தில் ஒரு நாவல் முடிந்தது. அதில் மார்கிரெட் என்று ஒரு மனைவி. இருபது வருஷம் படி கழுவியவள், ஒரு சனிக்கிழமை பலகையைப் புருஷன் மேஜைமேல் வைத்துவிட்டு ரயிலேறிப் போய்விடுகிறாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து பதிப்பகத்தின் கடிதம் வந்தது. நாவலைப் போடுகிறார்களாம், கணவரின் சம்மதக் கையெழுத்து மட்டும் வேண்டுமாம். மனைவி செய்கிற வேலையைக் கணவன் நினைத்தால் நிறுத்திவிடச் சட்டத்தில் இடமிருந்த காலம், அவர்கள் எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார்கள். ஒட்டிலி ஓய்கனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், 'நீ' என்றுதான் பேசுவாள். வீட்டுக்குள் அவ்வளவு சமத்துவம். கையெழுத்து மட்டும் அவனுடையது.

ஓய்கன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. மூன்று நாள் உட்கார்ந்து, பென்சிலும் கையுமாக முழுவதையும் படித்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா கடைசியில அவ ஏன் போறா? அந்த ஆளு அடிச்சானா, குடிச்சானா?"

"இல்லை."

"அப்புறம் என்ன கேடு அவளுக்கு? ஆபீஸ்ல என் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்க மாட்டானுங்களா? ஸ்டேஷன் வரைக்கும் போகட்டும், நான் வேண்டாங்கல. அங்கேருந்து திரும்பி வந்துடட்டும். இப்பவே கையெழுத்துப் போடறேன்."

மூன்று வாரம் ஒட்டிலி சரியாகச் சாப்பிடவில்லை. நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது, இன்னொரு கடிதம் இனி எங்கே வரப்போகிறது? முடிவை மாற்றி எழுதினாள். மார்கிரெட் ரயில் நிலையத்து பெஞ்சில் அரை மணி உட்கார்ந்து யோசித்து வீடு திரும்பினாள். எழுதி முடித்தபோது தன் கையாலேயே அவளைப் பிடித்து இழுத்து வந்ததுபோல ஒட்டிலிக்கு அருவருப்பாக இருந்தது. பழைய கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழிக்க மனசு வரவில்லை. உருளைக்கிழங்குப் பெட்டிக்கு அடியில் செருகி வைத்தாள்.

புத்தகம் வந்தது. ஓய்கன் பத்துப் பிரதி வாங்கி அலுவலகத்தில் கொடுத்தான். ஊர்ப் பெண்கள் கடைத்தெருவில் நிறுத்திப் பாராட்டினார்கள்.

ஒரு திங்கட்கிழமை மூன்றாம் மாடி லீனா பவுஷ் புத்தகமும் கையுமாகக் கதவைத் தட்டினாள். கொளுத்துகிற ஜூலையிலும் முழுக்கைச் சட்டை. அவள் வீட்டுச் சத்தம் ஆறு குடித்தனத்துக்கும் கேட்கும். ஒருவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

"ராப்பம்மா, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். போன வாரம் நான் பெட்டியெல்லாம் கட்டிட்டேன். உல்ம்ல அக்கா வீடு இருக்கு. ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்து உங்க புத்தகத்தை முடிச்சேன். மார்கிரெட்டே திரும்பிப் போறா, நான் எந்த மூலைக்குன்னு தோணுச்சு. எழுந்து வந்துட்டேன்."

"வந்து?"

லீனா சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மறைத்தாள். "வந்து என்ன, எப்பவும் போலத்தான்."

ஒட்டிலி நிலவறைக்கு ஓடி, அந்தத் தாள்களை எடுத்து வந்து லீனாவின் கையில் திணித்தாள்.

"நான் எழுதினது இதுதான். அச்சுல இருக்கற முடிவு ஓய்கனோடது. என்னை மன்னிச்சிடு லீனா."

அந்தச் சனிக்கிழமை பலகை லீனா கதவில் தொங்கியது. காலை ஒன்பதுக்கு, மூன்றாம் மாடிப் படியில் பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. உள்ளே அவள் புருஷன் பவுஷ் நிம்மதியாகச் செய்தித்தாளைப் பிரித்தான்.

ஓய்கன் கீழேயிருந்து ஏறி வந்து பார்த்தான். ஒட்டிலி மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம வாரம் இல்லையே?"

"இல்லை. மெதுவாப் பேசு."

அவன் பலகையைப் பார்த்தான், மூடிய கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய்க் கீழே இறங்கினான். ஒன்பது இருபது உல்ம் ரயில் ஊதியது. தான் ஏறாத ரயில் என்று நினைத்ததும் ஒட்டிலிக்கு அழுகை பொங்கியது. உள்ளேயிருந்து பவுஷ் கத்தினான்:

"லீனா! எவ்வளவு நேரம்டி தேய்ப்பே?"

ஒட்டிலி பதில் சொல்லாமல் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். லீனா உல்ம் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும்.