மாக்ஸின் டட்ஜும் முறைத்துக்கொண்ட என்ஜினும்

எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிற பெண்மணியின் முழுப்பேர் மாக்ஸின் டட்ஜ்; ஊருக்கு மாக்ஸ். க்ளன் என்கிற எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. பின் சீட்டிலிருந்து யார் ஆரஞ்சுத் தோலை எறிந்தாலும், கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் என் பேரைச் சொல்லி, "எறங்கி நடக்கறியா, குரங்கே?" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஆட்டுப் பண்ணையில் பிறந்தவர். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு, பால் லாரிகளுக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கப் போய்விட்டார். கணவர் ஸ்பெயினுக்குப் போனவர் திரும்பவில்லை. வெயில் பிடித்துவிட்டது என்பார் மாக்ஸ். ஊர் அந்த வெயிலுக்கு ஒரு பெண் பேர் சொல்லும். அவர் விட்டுப்போனவற்றில் மாக்ஸ் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: பச்சை நிற எம்.ஜி. மிட்ஜெட், ரெண்டே சீட் உள்ள குட்டிக் கார். குளிக்கும் தொட்டிக்குச் சக்கரம் வைத்தது போலிருக்கும். வயதில் மாக்ஸுக்குச் சமம்.

பேருந்து நிற்கும் டிப்போ பக்கத்து ஊரில். அங்கே போக மாக்ஸுக்கு இருப்பது இந்த மிட்ஜெட் மட்டும்தான். ஐம்பது வருஷம் ஓடிக் களைத்த என்ஜின் அந்தக் குளிர்காலத்தில் மேட்டில் நின்று நின்று இருமியது. அவர் தாமதமானால் நாங்களும் தாமதம். முதல் பாடம் போய்விடும், நாங்கள் கொண்டாடினோம். டிப்போ முதலாளி கொண்டாடவில்லை. இன்னொரு தடவை தாமதமானால் பேருந்தை க்ளைவ் என்கிற இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

"சாதாரண கார் ஒண்ணு வாங்கிக்கயேன்" என்றார் என் அம்மா.

"நாள் பூரா ஐம்பது சீட்டை இழுக்கறேன். எனக்குன்னு ரெண்டு சீட்டாவது இருக்கட்டும்."

பிப்ரவரியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த வாரத்தில் மாக்ஸ் பழைய என்ஜினைத் தூக்கி வெளியே வைத்தார். பழைய கார்களை உடைத்து விற்கும் கடையிலிருந்து கூரை திறக்கிற ஒரு ஜப்பானிய ஓப்பன் காரின் என்ஜினையும் கியர் பெட்டியையும் ஒயர்க் கொத்தோடு வாங்கி வந்தார். கியர் பெட்டி நுழையக் காரின் நடுத்தகட்டை வெட்டினார். தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைத்தார். என்ஜின் உயரமாக இருந்ததால் பானெட் மூடவில்லை. அதற்கு ஒரு புடைப்பு வைத்தார். பார்க்க, காருக்கு யாரோ குட்டு வைத்த மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். துடைக்கும் துணி என் முகத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி திருப்பினார். பற்றவில்லை. பெட்ரோல், தீப்பொறி, ஒயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அந்தக் காரோட சாவி உங்கிட்ட இருக்கா?" என்றார் அவர்.

"சாவி எதுக்கு? என் காரை வெண்ணெய்க் கத்தியாலயே கிளப்பலாம்."

"இது அந்தக் காலத்து வண்டி இல்ல மாக்ஸ். சாவிக்குள்ள ஒரு சில்லு இருக்கும். அதப் பாத்தாத்தான் என்ஜினோட மூளை பெட்ரோல் விடும். கிழவர் சாவி தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டார்."

கிழவர் என்றால் அந்தக் காரின் பழைய சொந்தக்காரர் ஐவர் ப்ரீஸ், மேல்தெருவில் இருக்கிறவர். போன இலையுதிர்காலத்தில் அந்த ஓப்பன் காரோடு மீன் வறுவல் கடைச் சுவருக்குள் போனவர். அவர் இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவி தொலையவில்லை என்பது ஊருக்கே தெரியும். மதுக்கடையில் உட்கார்ந்தால் அது அவர் சட்டைப்பையில் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும்.

மாக்ஸ் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"காரைத்தான் நசுக்கிட்டாங்க. சாவியும் வேணுமா உனக்கு?" என்றார் ப்ரீஸ், கதவை முழுதும் திறக்காமல்.

"நாளைக்குக் காலையில நான் டிப்போவுக்குப் போகலேன்னா க்ளைவ் என் பஸ்ஸை ஓட்டுவான், மிஸ்டர் ப்ரீஸ்."

"க்ளைவா? அவன் கைத்தள்ளுவண்டியையே பள்ளத்துல எறக்கினவன்."

"நீங்க சுவத்துல எறக்கினீங்க" என்றேன். மாக்ஸ் என் காலை மிதித்தார்.

ப்ரீஸ் என்னைப் பார்த்தார். பிறகு கைத்தடியை எடுத்தார். "என் என்ஜின்தானான்னு மொதல்ல பாக்கறேன்."

மாக்ஸ் வீட்டு ஷெட்டுக்கு எங்களோடு வந்தார். பானெட்டுக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து, ஒயர்க் கொத்தோடு வந்து, பூட்டைச் சுற்றி மாக்ஸ் பொருத்தியிருந்த, சில்லைப் படிக்கும் வளையத்தின் பக்கத்தில் பிடித்தார். மாக்ஸ் தன் காரின் சாவியைத் திருப்பினார். என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. சன்னமான சத்தத்தோடு, தையல் மிஷின் மாதிரி ஓடியது.

ப்ரீஸ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தெனம் காலையில நான் வந்து கிளப்பி விடறேன், கண்ணு."

"பனியில விழுந்து இடுப்பை ஒடைச்சுக்கவா? எனக்கு வேண்டியது இந்த இரும்பில்ல. இதோட தலைக்குள்ள பொட்டு மாதிரி அந்தச் சில்லு இருக்கு, அது மட்டும்தான்."

"அத எடுத்தா சாவி?"

"சாவி உங்களோடது."

கொஞ்ச நேரம் பை கிணுகிணுத்தது. பிறகு வெளியே வந்தது. மாக்ஸ் கேக் தட்டு ஒன்றை மடியில் வைத்து, அதன் மேல் காய்கறிக் கத்தியால் சாவியின் கறுப்புத் தலையை நெம்பினார். உள்ளேயிருந்து அரிசி மாதிரி ஒரு கண்ணாடித் துண்டு தட்டில் விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. விட்டால் பறந்துவிடும் அளவில்தான் அது இருந்தது. அதைப் பூட்டின் பின்னால், அந்த வளையத்தை ஒட்டி டேப் போட்டு ஒட்டினார். சாவித் தலையைப் பசை வைத்து மூடித் திருப்பிக் கொடுத்தார்.

ப்ரீஸ் அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். "கனம் கொறையல" என்றார். மிட்ஜெட்டின் கதவைத் திறந்து, யாரும் கூப்பிடாமலே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாக்ஸ் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுபோய் அவரை வீட்டில் விட்டார். வளைவு வந்தபோதெல்லாம் கிழவரின் வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்தது என்று மாக்ஸ் பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை பேருந்து சொன்ன நேரத்துக்கு வந்தது. நிறுத்தத்தில் எல்லோர் முகமும் தொங்கியது. நானும் பாடுபட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறினேன்.

"என்ன, லேட்டாகும்னு நெனச்சியா?" என்றார் மாக்ஸ்.

"க்ளைவ் வருவான்னு ரொம்ப ஆசையா இருந்தேன்."

"போய் உக்காரு" என்றார், கதவை மூடியபடி.