கருவாடாகிப் போன சோப்புத் தட்டுகள்

மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொண்டு ஆறு வருடமாகிறது. இன்னும் நான் எதைச் செய்தாலும் வீட்டுக்காரர் "இது பூந்தொட்டியா, குழம்புச் சட்டியா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பாராட்டுவார். இப்படிப்பட்டவளை வகுப்பெடுக்கக் கூப்பிட்டால் யாராயிருந்தாலும் ராங் நம்பர் என்றுதான் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். என் நம்பரை எங்கிருந்தோ பிடித்துக் கூப்பிட்ட செல்விதான் போனை வைப்பதாக இல்லை.

செல்வி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் விற்பவர். விசைப்படகு மீனை ஏலத்தில் எடுத்து விற்பதுதான் பிழைப்பு. ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் இரண்டு மாதம் கூடை காலி. பக்கத்து ரிசார்ட் மேனேஜர், குளியலறைக்கு மீன் வடிவத்தில் மண் சோப்புத் தட்டு வேண்டும், ஆறு செய்து காட்டினால் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்து பார்ப்பாராம். தடைக்காலத்துக்கு இரண்டே வாரம் பாக்கி. இதற்கு மேல் எப்படி மறுப்பது?

நான் இருப்பது செங்கல்பட்டில். சென்னையிலிருந்து இங்கே வருபவர்களுக்கு மின்சார ரயில் இருக்கிறது. இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆனால் மூன்று மூட்டை களிமண்ணோடு பஸ் ஏறினால் கண்டக்டர் என்னையும் லக்கேஜில் சேர்த்துவிடுவார். தொள்ளாயிரம் ரூபாய் பேசி லோடு ஆட்டோ வைத்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

"இன்னா மேடம், வூடு கட்றீங்களா?" என்றார் டிரைவர்.

"இல்லை, சோப்புத் தட்டு செய்யக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்."

திருக்கழுக்குன்றம் வரை அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார். பிறகு, "துட்டு குடுக்கறாங்களா?" என்று மட்டும் கேட்டார். மதியச் சாப்பாடு போடுவார்கள் என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம்.

வலை பின்னும் கொட்டகையில் செல்வி, அவர் நாத்தனார் மல்லிகா, இன்னும் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மண்ணைப் பூரிக்கட்டையால் தேய்த்து, மீன் வடிவில் வெட்டி, ஓரத்தைத் தூக்கிவிடுவதுதான் பாடம். நான் ஒன்று செய்து காட்டினேன்.

"இது இன்னா மீனு டீச்சர்?" என்றார் செல்வி.

"பொதுவா... ஒரு மீன்."

"பொதுவா ஒரு மீனு கடல்ல கெடையாது டீச்சர்."

"உடு அண்ணி, தொட்டில வளக்கற மீனா இருக்கும்," என்று மல்லிகா என் மானத்தைக் காப்பாற்றினார்.

கடைசியில் வவ்வால் மீன் என்று முடிவானது. அகலமாக இருப்பதால் சோப்பு சௌகரியமாகப் படுத்துக்கொள்ளுமாம். பதினொன்றரை மணிக்கெல்லாம் பன்னிரண்டு வவ்வால்கள் தயார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லா காய வையுங்க" என்று பெரிய ஆசிரியைபோல் சொல்லிவிட்டு, செல்வி வீட்டு நெத்திலிக் குழம்பை ஒரு கை பார்த்து, அங்கேயே கொஞ்சம் கண் அசந்தேன். கொஞ்சம்தான். எழுந்தபோது ஒன்றே கால்.

வெளியே வந்து பார்த்தால் கொட்டகையில் ஒரு மீன்கூட இல்லை. கொளுத்தும் வெயிலில், மணலில் பழைய வலையை விரித்து, பன்னிரண்டு வவ்வால்களும் வரிசையாகக் கிடந்தன. மல்லிகா ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். காக்கா விரட்ட கையில் குச்சி வேறு.

"இன்னா டீச்சர் இது, வாலெல்லாம் தூக்கிக்கினு கீது? நடுவுல பொளந்துகினு வேற கீது?"

"யார் வெயில்ல வைக்கச் சொன்னது?"

"நீதான காய வெக்கச் சொன்ன? எங்களுக்குக் காய வெக்கத் தெரியாதா? நாலு தபா திருப்பிட்டேன். உப்பு ஒண்ணுதான் போடல."

மண்ணை நிழலில், ஈரத்துணி போர்த்தி, மெதுவாகக் காய வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் தூங்கப் போனது நான். செல்வி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாலு மணிக்கு அந்தாளு வந்துருவாரே டீச்சர்," என்று மெதுவாகச் சொன்னார். காலையிலிருந்து அந்தக் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன்.

காலையில் பழகிப் பார்த்ததும் பாழானதும் போக அரை மூட்டை மண் மிச்சம் இருந்தது. நான்கு பேரும் அவசர அவசரமாகத் தேய்த்தார்கள், வெட்டினார்கள். நான் துணி நனைத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றரைக்கு ஆறு வவ்வால்கள் நிழலில் ஈரத்துணிக்குள் படுத்திருந்தன.

மேனேஜர் சரியாக நாலு மணிக்கு வந்தார். துணியை விலக்கினார். "ஈரமா இருக்கு சார்" என்று நான் வாயெடுப்பதற்குள், கொழுத்த மீன் ஒன்றின் வயிற்றில் கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு. பள்ளம் விழுந்துவிட்டது.

மீன் கடையில் இப்படி அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போகிறவர்களைச் செல்வி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! பட்டென்று எழுந்தார்.

"அமுக்கிட்டியா சார்? அப்ப நீதான் எடுத்துக்கணும்."

"இல்லம்மா, சும்மா பார்த்தேன்..."

"சும்மா பாக்கக் கண்ணு கீது. கையி இன்னாத்துக்கு?"

"இந்த ஒண்ண மட்டும் வச்சு நான் என்ன பண்றது?"

"அதான் கூட அஞ்சு கீதே, பாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிம்மா, சுட்டுக் கொண்டாங்க. நல்லா இருந்தா இருபது ரூமுக்கும் சொல்றேன்."

"நல்லா இருந்தாவா? அமுக்குனப்பவே வேபாரம் முடிஞ்சிது சார்."

இதேபோல் கடற்கரையில் வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு: மார்கழி, தையில் போங்கள், ஏப்ரல் வெயில் மண்ணுக்கும் ஆகாது, ஐம்பதைத் தொடும் ஆசிரியைக்கும் ஆகாது. தேவைக்கு இரண்டு மடங்கு மண் எடுத்துப் போங்கள். பழைய வேட்டி நாலு வைத்துக்கொள்ளுங்கள். எதைச் செய் என்று சொல்வதோடு எங்கே, எப்படி என்பதையும் சொல்லுங்கள். கேட்பவர்கள் ஏற்கெனவே கைதேர்ந்த வேலைக்காரர்களாக இருந்தால் இன்னும் கவனமாகச் சொல்லுங்கள். சாப்பிட்டபின் தூங்காதீர்கள்.

ஆறையும் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து, பத்து நாள் நிழலில் வைத்து, தெரிந்தவர் சூளையில் சுட்டு, ரிசார்ட்டில் கொடுத்தேன். மேனேஜர் ஒவ்வொன்றிலும் சோப்பை வைத்துப் பார்த்தார். ஐந்தில் வழுக்கியது. அவர் அமுக்கியதில் மட்டும் அசையாமல் உட்கார்ந்தது. இருபது அறைக்கும் அதேபோல் பள்ளத்தோடு வேண்டுமாம். செல்விக்குப் போன் செய்தேன்.

"அப்டியா? மண்ணு எடுத்துக்கினு சீக்கிரம் வா டீச்சர்," என்றார். "மல்லிகா வெரலு ஒல்லி. எல்லாத்தையும் நானே அமுக்கிக்கறேன்."