குறுக்குக்கட்டோடு கொரியா போன ரதி

1996 வசந்தகாலத்தில், இத்தாலியின் பலெர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் ரதி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூப்போட்ட பருத்திச் சீலைத் துண்டை வைத்தாள். குளிக்கும்போது நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டு கட்டத்தான்.

"கொரியாவிலை கிணத்தடி இருக்கெண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்றான் கணவன் விக்னராஜா.

"அங்கை குளிக்கிற இடத்திலை ஒருத்தரும் உடுப்புப் போடுறேல்லையாம். நான் போடுவன்."

"போடும், போடும். பிறகு எல்லாரும் உம்மைத்தான் பாப்பினம்."

ரதி பொலிதேயாமாப் பகுதியில் எமிலியானா என்ற இத்தாலிய மனுசியின் வீட்டில் வேலை செய்தாள்; சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். சிஞ்ஞோரா பல்கலைக்கழகத்தில் ஆசியக் கலை படிப்பிப்பவர். அந்த வருடம் தன் மாணவிகளைக் கொரியாவுக்குக் கூட்டிப்போகத் திட்டமிட்டார்: பகலில் புத்த விகாரைகள், மாலையில் ஊர்ப் பொதுக்குளியலறைகள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் கைத்துணைக்கு ரதியும் வரவேண்டும் என்றார்.

பலெர்மோவில் அவரைக் குளிப்பாட்டுபவளும் ரதிதான். ஆனால் அங்கே குளிப்பவர் அவர், உடுத்து நிற்பவள் இவள். தன்னை உடுப்பில்லாமல் பார்த்த மனுசிக்கு முன்னால், திரும்பி வந்து எந்த முகத்தோடு கோப்பி ஊற்றுவது? பயணம் முழுக்க ரதிக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

விகாரைகளில் அவள் பாடு கொண்டாட்டம். மரத் தரையில் சப்பாணி கட்டி இருந்த மாணவிகள் கால் விறைத்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து எழும்பினார்கள். ரதி கைகூப்பிவிட்டு நேராக எழும்பி நடந்தாள். ஒரு மலைக்கோயிலில் மதியச் சாப்பாட்டோடு வந்த மிளகாய்க் கறியைத் தொட்டதும் மாணவி கியாராவின் கண்ணில் தண்ணீர் வந்தது. "எனக்குத் தா பிள்ளை" என்று அவளுடைய பங்கையும் ரதி வாங்கிச் சாப்பிட்டாள்.

மாலையில் குளியலறை. மாணவிகள் நீச்சலுடையோடு வந்தார்கள். ரதி குறுக்குக்கட்டோடு. சிஞ்ஞோரா மட்டும் பிறந்த கோலம். வாசலில் நின்ற, அங்கே காசுக்கு முதுகு தேய்த்துவிடும் கொரிய அம்மா நீச்சலுடைகளைக் காட்டித் தலையை ஆட்டினார். மாணவிகள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்கள். ரதி நெஞ்சிலிருந்த முடிச்சைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் வெளியிலை நிக்கிறன், சிஞ்ஞோரா."

"அப்போ நானும் வெளியே நிற்கிறேன். இந்தப் படியில் நான் தனியே இறங்க முடியுமா?"

அந்த அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சரி, துண்டோடேயே தொட்டி வரைக்கும் போ என்று கையைக் காட்டினார்.

ரதி இரண்டு கையாலும் சிஞ்ஞோராவைத் தாங்கி, வெந்நீர்த் தொட்டியின் ஈரப் படிகளில் இறங்கினாள். நனைந்த சீலை பாரமாகித் தொடையில் ஒட்டியது. மூன்றாம் படியில் சிஞ்ஞோரா சறுக்கினார். ரதி இழுத்துப் பிடித்தாள். முடிச்சு அவிழ்ந்தது. சீலையை எடுக்க ஒரு கையை விடவேண்டும். விட்டால் மனுசி விழுவார். விடவில்லை. பூப்போட்ட துண்டு தண்ணீரில் மிதந்து தொட்டியின் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே கதைத்துக்கொண்டிருந்த கிழவிகள் அதைப் பிழிந்து ஓரமாய் வைத்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்கள். ரதியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, அந்த அம்மா ஒரு பச்சைநிறச் சொரசொரப்புக் கையுறையால் தேய்த்தார். இருவர் முதுகிலும் அழுக்குத் திரிதிரியாய் உருண்டது.

"எந்த நாடு?" என்று அவர் கேட்டதை, கொஞ்சம் கொரிய மொழி தெரிந்த கியாரா மொழிபெயர்த்தாள்.

"இத்தாலி" என்றாள் ரதி.

அந்த அம்மா கையுறையை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். கொரியாவில் அதற்குப் பெயரே இத்தாலித் துவாயாம்.

"ரதி, இதை நீ இத்தாலியில் எங்கேயாவது கண்டிருக்கிறாயா?"

"பலெர்மோவிலை கபோச் சந்தை முழுக்கத் தெரியும், சிஞ்ஞோரா. இப்பிடி ஒண்டு காணேல்லை."

இரண்டு கட்டிலும் சிரிப்பில் குலுங்கின. அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

வீடு திரும்பியதும், "சீலை என்ன மாதிரி?" என்றான் விக்னராஜா.

"நல்லா நீந்தும்."

திங்கட்கிழமை பொலிதேயாமா வீட்டு மணியை அடித்துவிட்டு ரதி வாசலில் நின்றாள். கதவு திறந்தது. சிஞ்ஞோராவின் ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கொரியாவில் வாங்கிய பச்சைக் கையுறை.

"கோப்பி பிறகு. முதலில் யார் முதுகு?"

"நீங்கள்தான் வயசுக்கு மூத்தவ."

"சரி. அடுத்தது நீ. தப்ப விடமாட்டேன்."

பழக்கத்தில் ரதி சுவர்க் கொழுவியில் தொங்கிய வேலை ஏப்ரனை எடுத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே அதைத் திரும்பக் கொழுவினாள்.