ஆற்றங்கரையில் வெள்ளைச் சோறு

மருமகள் குக்கர் மூடியைத் திறக்கும்போது எழும் சோற்று வாசனை, என்னைக் கரங்கான் தோட்டத்து ஆற்றங்கரைக்கே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. பால்வெட்டு நின்று, கோப்பைகளில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்த ரப்பர் மரங்களுக்கு நடுவே, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு உப்பிக் கிடந்த எங்களை அப்பா ஒருநாள் குளிக்கக் கூட்டிப்போனார். வழக்கமாக வாயே திறக்காதவர், தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசினார். குளித்துக் கரையேறியதும் அம்மா இலை விரித்து, எங்கோ ஒளித்து வைத்திருந்த அரிசியில் வடித்த சோற்றைப் போட்டாள்.

“இன்னிக்கு என்னாம்மா விசேசம்?” என்றாள் தங்கை.

“பேசாம சாப்புடு,” என்ற அம்மா சாப்பிடவில்லை. அப்பா தன் இலைச் சோற்றையும் உருட்டி எங்களுக்கே ஊட்டினார்.

மறுநாள் காலை, சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றிப்போன லாரியில் அப்பாவும் போனார். அப்பா, அம்மா இருவருக்கும் அது முன்பே தெரிந்திருக்கிறது. அவர் திரும்பவில்லை.

சண்டை முடிந்து கடைக்கு அரிசி வந்தது. அம்மா வடித்துப் போட்ட முதல் சோற்றைத் தங்கை தொடவில்லை. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்:

“நாளைக்கு யாரும்மா போறாங்க?”