மஞ்சள் தடவிய புரூஃப்

அச்சாபீஸ்காரனைத் தேடிக் கல்யாணக்காரனும் வருவான், கருமாதிக்காரனும் வருவான். இரண்டு பேருமே நாளைக்குள் வேண்டும் என்றுதான் வருவார்கள். தென்காசியில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு டிரெடில் மிஷினை வைத்துக்கொண்டு, பதினெட்டு வருஷமாக இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். என்னைப் போலக் கடை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. செய்த தப்பை நாலு பேரிடம் சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும் என்பார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

மழைக்கு ஒரு நோட்டீஸ்

யுத்தத்துக்கு முன்னால் நடந்தது இது. குற்றாலத்தில் சீசன் ஓட்டல் போடுகிற ஒருவர் வைகாசியிலேயே வந்து ஆயிரம் நோட்டீஸ் கேட்டார். ‘ஆனி முதல் தேதி முதல் சாரல். ஐந்தருவியில் ஜலம் பெருகி ஓடுகிறது’ என்று எழுதியே கொண்டு வந்திருந்தார். இன்னும் மேகமே கூடவில்லையே என்றேன். மேகம் கூடின பிறகு அடித்தால் மதுரைக்காரனுக்கு எப்போது போய்ச் சேரும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம்தான் என்று அடித்துக் கொடுத்தேன். அந்த ஆனியில் பாதி மாதம் அருவிப் பாறையில் குரங்குகள்தான் உட்கார்ந்திருந்தன. நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மிச்சமிருந்த முந்நூறு நோட்டீஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அச்சுல போட்ட பொறவும் வரலையே அண்ணாச்சி, இப்படியும் ஒரு மழை உண்டுமா?”

கட்டி வைத்த வார்த்தைகள்

எங்கள் கம்பாசிட்டர் சாமுவேல் சுரண்டைப் பக்கத்துக்காரர். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கோர்ப்பது அவர் வேலை. அடிக்கடி வருகிற வார்த்தைகளை ஒவ்வொரு தடவையும் கோர்ப்பானேன் என்று, கோர்த்தபடியே நூலால் கட்டி ஒரு தட்டில் வைத்திருப்பார். ‘நிகழும் மங்களகரமான’ ஒரு கட்டு. ‘சுற்றமும் நட்பும் சூழ’ ஒரு கட்டு. ‘காலஞ்சென்ற’ ஒரு கட்டு. இந்த மூன்றாவதுதான் ஓய்வில்லாமல் உழைக்கும். கருமாதிப் பத்திரிகைக்கும் அது வேண்டும். கல்யாணப் பத்திரிகையிலும் செத்துப்போன தாத்தாக்களின் பெயர் வருமே, அங்கேயும் வேண்டும்.

எங்கள் ஆபீஸில் சில கட்டுப்பாடுகள் உண்டு. கறுப்புக் கரை போட்ட கருமாதி வேலை முடிந்தால் மிஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சூடம் காட்டிய பிறகுதான் கல்யாண வேலையைத் தொடுவோம். கல்யாண வேலை என்றால், பிழை பார்க்க முதலில் அடித்துக் கொடுக்கிற புரூஃபிலேயே ஒரு மூலையில் மஞ்சள் தடவிக் கொடுப்போம், வீட்டுக்குள் போகிற முதல் தாள் மங்களமாகப் போகட்டும் என்று. ஒரே வார்த்தைக் கட்டு இரண்டு வேலைக்கும் போகிறதே, இதற்கு என்ன பரிகாரம் என்று ஒருநாள் சாமுவேலைக் கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “பொறந்தவன் எல்லாம் என்னைக்காவது இந்தக் கட்டுக்குள்ள வாரவன்தானே மொதலாளி.”

உலகமே என் கையில்

அச்சோடு பத்திரிகை ஏஜென்சியும் எடுத்திருந்தேன். யுத்தம் வந்ததும் எனக்கு ஒரு மவுசு வந்தது. ரயிலில் கட்டு வந்து இறங்கியதும் வாசலில் கூட்டம் கூடிவிடும். நான் நின்றுகொண்டு உரக்கப் படிப்பேன். அது போதாதென்று, குற்றாலத்தில் பங்களாவைக் காலி செய்த ஒரு டாக்டரிடமிருந்து பாட்டரியில் பாடுகிற ரேடியோப் பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்தேன். உலகத்தில் எந்த மூலையில் எது நடந்தாலும் தென்காசியில் முதலில் எனக்குத்தான் தெரியும் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாய்க் கொழுப்பு, வேறென்ன.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், தூணோரமாக ஒரு அம்மாள் வந்து நிற்பாள். பெயர் கோமதி. அவள் புருஷன் சங்கரலிங்கம் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலையாக இருந்தார். ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்ததோடு கடிதாசி நின்றுபோயிற்று. அவர் எழுதுவதைத் தானே படிக்க வேண்டும் என்று கல்யாணத்துக்குப் பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டவள் அவள். இரண்டு வருஷம் வந்து நின்றாள். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள், கூட்டம் கலைந்த பிறகு சொன்னாள்: “எல்லா ஊரையும் சொல்லுதாவ அண்ணாச்சி, பினாங்க மட்டும் சொல்ல மாட்டேங்காவளே.”

பெயர் மட்டும்

அடுத்த தையில் அவள் மகள் பகவதிக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை வீடு புளியங்குடி, எலுமிச்சை வியாபாரம். பத்திரிகை அடிக்கக் கோமதியின் தம்பி ஆறுமுகம் வந்தான். வில்வண்டி ஓட்டுகிறவன், எழுத்து வாசனை கிடையாது. தாய்மாமன் அழைக்கிற மாதிரி எழுதச் சொன்னான். பெண்ணின் தகப்பனார் பெயர் வருகிற இடத்தில் நான் பேனாவை நிறுத்தினேன். எப்படி எழுத என்று அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவனே புரிந்துகொண்டான். மாப்பிள்ளை வீட்டிலும் இதையேதான் நோண்டிக் கேட்டார்களாம். பெண்ணின் அப்பா இருக்கிறாரா, இல்லையா. இல்லையென்றால் பெண்ணின் அம்மா ஏன் பொட்டு வைத்திருக்கிறாள் என்று. அக்கா உள்ளே போய் அவருடைய பழைய கடிதாசிகளை எடுத்து வந்து முன்னால் வைத்தாளாம். அதற்கு மேல் கேட்காமல் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்களாம். ஆறுமுகம் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “இருக்காவன்னும் போடாண்டாம், இல்லைன்னும் போடாண்டாம். பேரு மட்டும் இருக்கட்டும் அண்ணாச்சி.”

புரூஃப்

காகிதப் பஞ்சம் வந்த காலம். பழைய நோட்டீஸ்களின் முதுகில்தான் புரூஃப் எடுப்போம். பகவதி கல்யாணப் புரூஃபும் ஓட்டல்காரர் போட்டுவிட்டுப் போன அந்தக் குற்றாலத்து மழை நோட்டீஸின் பின்பக்கத்தில்தான் வந்தது. எங்கள் ஆபீஸிலிருந்து எந்தத் தாள் வெளியே போனாலும் நான் ஒரு தடவை படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு ரேடியோவில் யுத்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. காதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மூலையில் மஞ்சளைத் தடவி, படிக்காமலே கையெழுத்துப் போட்டு ஆறுமுகத்திடம் கொடுத்தேன். அவன் அக்காவிடம் கொடுத்துவிட்டு வண்டி ஓட்டப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் கோமதி தனியாக வந்தாள். பொட்டு இருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தது. மடியிலிருந்து புரூஃபை எடுத்து நீட்டினாள். நான் வாங்கிப் படிப்பதற்குள் கேட்டாள், “சேதி உங்களுக்கு என்னைக்கு வந்துது அண்ணாச்சி? கல்யாணம் முடியட்டும்னு மறைச்சியளோ?” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளைப் பார்த்தேன். ‘காலஞ்சென்ற சங்கரலிங்கம் அவர்களின் குமாரத்தி’ என்று இருந்தது. தாய்மாமன் அழைக்கிற பத்திரிகைகளில் தகப்பன் பெயருக்கு முன்னால் எப்போதும் அந்தக் கட்டுதான் வரும். சாமுவேலின் கை தன்னால் தட்டுக்குப் போய் அதை எடுத்து வைத்திருக்கிறது.

கைத்தப்பு தாயி, சேதி ஒன்றும் வரவில்லை, சத்தியமாக வரவில்லை என்று நான் சொல்கிறேன். அவள் நம்பாமல் என் முகத்தையே பார்க்கிறாள். உலகத்துச் சேதியெல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும் என்று அத்தனை நாள் சொன்னவன் நான்தானே. சாமுவேல் வந்து பைபிள்மேல் ஆணையாகச் சொன்ன பிறகுதான் நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லையாம். தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று, தாளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். சாமுவேல் அப்போதே அந்தக் கட்டை அவிழ்த்து எழுத்துகளை எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் கட்டி வைத்ததே இல்லை. திருத்திய தாளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படியில் நின்று சொன்னாள்: “தாளைத் திருத்திட்டிய அண்ணாச்சி. நான் அழுது தீத்துட்டேனே, அதை எங்கன கொண்டு வைக்க?”

மறுபடியும்

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. யுத்தமும் முடிந்தது. மறுபடி கப்பல் விட்ட பிறகு கடையநல்லூர்க்காரர் ஒருவர் பினாங்கிலிருந்து திரும்பி வந்தார். வந்த வாரமே கோமதி வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துக்கொண்டு போனவர்களில் அவரும் சங்கரலிங்கமும் ஒரே கொட்டகையில் இருந்தவர்களாம். காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாராம். எப்போது என்று கேட்டதற்கு, மகள் கல்யாணத்துக்கு முந்தின ஐப்பசியைச் சொல்லியிருக்கிறார்.

அக்காளும் தம்பியும் கருமாதிப் பத்திரிகைக்கு வந்தார்கள். அவள் நெற்றியை என்னால் பார்க்க முடியவில்லை. ரேடியோவை எப்போதோ விற்றுவிட்டிருந்தேன். அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறுமுகம் விஷயம் சொல்லத் தொடங்கி, பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு அக்காளைப் பார்த்தான். சாமுவேல் கம்பாசிங் மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோமதிதான் பேசினாள். குரலில் அழுகை இல்லை. “அன்னைக்கு வேண்டாம்னு எடுத்தியள்லா, அந்த வார்த்தைய இப்ப வச்சிருங்க.”

பதினெட்டு வருஷத்தில் என் அச்சாபீஸிலிருந்து பிழையே இல்லாமல் வெளியே போன புரூஃப் அந்தக் கல்யாணப் புரூஃப் ஒன்றுதான், அதைத்தான் நான் பதறியடித்துத் திருத்திக் கொடுத்தேன்.