படுக்க வைத்த சிலிண்டர்

கண்ணுகளா, போன குளிர்காலத்தில் ஒரு நாள் விடிகாலையில் நாம் நாலு பேரும் ஏரிக்கரைப் புல்லில் வெறுங்காலோடு நின்றோமே, அதைப் பற்றி உங்களுக்கு எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தமிழ் பேசினால் உங்களுக்குப் புரிகிறது, படிக்கத்தான் இன்னும் எழுத்துக் கூட்டுகிறீர்கள். பரவாயில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கும் பெரிய வார்த்தைகள் வராது. நீங்கள் படிக்கும் வேகமும் நான் எழுதும் வேகமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் காலை எனக்கு இப்போதும் பாதி கனவு மாதிரிதான் இருக்கிறது. ஏரியிலிருந்து பனி எழுந்து பைன் மரங்களுக்குள் நடந்து வந்தது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்த நம்முடைய டிரெய்லர் வீடு அந்தப் பனியில் மிதக்கிற மாதிரி இருந்தது. அதற்குள்ளே நீங்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அம்மாவும் தூங்கினாள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அது ஏன் என்று சொல்கிறேன். உங்கள் அம்மா நர்ஸ் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் போட்டது தீக்காய வார்டில். மதுரைப் பக்கம், இரண்டு வருஷம். அதற்குப் பிறகு சமையல் கேஸ் என்றாலே அவளுக்கு ஆகாது. இங்கே டெக்சஸுக்கு வந்து பிளானோவில் வீடு தேடி அலைந்தபோது மற்றவர்கள் ஸ்கூல் நல்லதா, டோல்வே நெடுஞ்சாலை பக்கமா என்று பார்த்தார்கள். அவள் அடுப்படிக்குப் போய் அடுப்பு கரண்ட்டில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தாள். நம் வீட்டை அப்படித்தான் எடுத்தோம்.

டிரெய்லர் வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட், எனக்கு மளிகைக் கடையில் மூட்டை இறக்கும் வேலை. நாலு பேரும் ஒரே கூரைக்குள் ஒரே நேரத்தில் தூங்குவது வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். பதினாறு அடி நீளத்தில் பழைய டிரெய்லர் ஒன்று விலைக்கு வந்தது. படுக்கை, சின்ன மேஜை, இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு ஹீட்டர். முன்னால் இழுவைக் கம்பியின் மேல் ஒரே ஒரு புரொபேன் சிலிண்டர் நிற்கும். அடுப்பும் ஹீட்டரும் அதில்தான் ஓடும். சர்ச்சில் நம்ம அங்கிள் ஒருவர், "வீட்டுல அவ்வளவு இடத்தை வச்சுக்கிட்டு டப்பாவுக்குள்ள போய் முடங்கப் போறீங்களாக்கும்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க, வாங்குங்க. ஆனா கேஸ் உங்க பொறுப்பு. அதுல எது ஒண்ணுன்னாலும் எங்கிட்ட மறைக்கக் கூடாது."

"நாலு வருஷம் கேஸ் கம்பெனியில சிலிண்டர் தூக்கினவன்கிட்டயா சொல்ற?" என்றேன்.

அது உண்மைதான். திண்டுக்கல்லில் ஸ்கூல் முடித்ததும் அந்த வேலைதான் கிடைத்தது. வீடு வீடாய்ப் போய்ப் புது சிலிண்டரை மாட்டிவிட்டு, காலியை எடுத்துக்கொண்டு வருவது. அதனால் கேஸில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை விமானத்தில் ஏற்றி டெக்சஸ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கே கேஸ் தீர்ந்தால் இரண்டு வழி. ஒன்று, நம் சிலிண்டரையே கொண்டுபோய்க் கடையில் நிரப்பிக்கொள்வது. இன்னொன்று, பெரிய கடைகளின் வாசலில் கூண்டுக்குள் வரிசையாய் நிற்கும் சிலிண்டர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு நம்முடையதைக் கொடுத்துவிடுவது. கூண்டு சிலிண்டரில் முழுசாக நிரப்ப மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் நிரப்புவதுதான் ஒசத்தி என்று முடிவு பண்ணிவிட்டேன். ஏரிக்குக் கிளம்பிய அந்த வெள்ளிக்கிழமை நான் மளிகைக் கடை வேலை முடித்து வரும்போதே நேரமாகிவிட்டது. நிரப்புகிற இடம் மூடியிருந்தது. வழியில் கூண்டு இருந்தது, நிறுத்தவில்லை. சிலிண்டரை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. பாதிக்கு மேல் இருக்கு, மூணு ராத்திரிக்குத் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடினால் எவ்வளவு குடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. திண்டுக்கல்லில் யார் வீட்டில் ஹீட்டர் இருந்தது?

முதல் ராத்திரி அம்மா தூங்கவில்லை. இரண்டாவது ராத்திரி தூங்கினாள். விடியும்போது ஹீட்டர் நின்றது எனக்குத் தெரிந்தது. சத்தம் வந்து எழுப்புவது ஒரு மாதிரி, சத்தம் நின்று எழுப்புவது வேறு மாதிரி. கண்ணைத் திறந்தபோது ஜன்னலெல்லாம் வெள்ளையாய் இருந்தது. உங்கள் மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்திருந்தது. சின்னவன் அம்மாவின் கழுத்துக்குள் முகத்தை வைத்திருந்தான். பெரியவளின் கால் அவன் மேல் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் உங்களைப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. இந்தக் குளிர் அவளை எழுப்பிவிடக் கூடாதே என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் எழுந்து, கேஸ் தீர்ந்துபோனதைப் பார்த்தால் இனிமேல் இந்த டிரெய்லரில் படுக்க மாட்டாள் என்று பயந்தேன்.

அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தேன். தீ நூல் மாதிரி எரிந்தது. மெதுவாய்க் கதவைத் திறந்து வெளியே போனேன். சிலிண்டரைக் கட்டியிருந்த திருகைக் கழற்றி, டியூப் இழுபடாமல் அதை அப்படியே ஈர மண்ணில் படுக்க வைத்தேன். உருளாமல் இருக்க ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்தேன்.

உங்களுக்கு இது விசித்திரமாய் இருக்கும். எங்கள் பக்கம் இது சகஜம். கேஸ் தீரப்போகும்போது சிலிண்டரைப் படுக்க வைத்தால் அடியில் இருக்கிறதும் வரும், இன்னும் இரண்டு வேளை சமைக்கலாம். புது சிலிண்டர் வருவதற்கு நாளாகும் காலம் அது. எத்தனையோ வீடுகளில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "படுக்கப் போடுங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் காட்டிவிட்டும் வந்திருக்கிறேன்.

உள்ளே வந்தேன். தீ நன்றாக நீலமாய் நின்றது. ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷம். பிறகு அது மஞ்சளாகி, பால் பாத்திரத்தை விழுங்கிக்கொண்டு மேலே போய், மேல் தகட்டைத் தொட்டது. பக்கத்தில் தொங்கிய பேப்பர் டவலின் ஓரம் சுருண்டு கறுத்தது. சத்தமே இல்லை. அந்த டிரெய்லர் முழுக்க பொன்னிறமாய் ஆனது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அழகாய்க்கூட இருந்தது என்று சொன்னால் அம்மா என்னை அடிப்பாள்.

அவள் எப்போது எழுந்தாள் என்று தெரியாது. என்னைத் தள்ளிவிட்டு அடுப்பின் திருகை மூடினாள். ஒரு கையில் சின்னவன், இன்னொரு கையில் பெரியவளின் கை. செருப்புகூடப் போடாமல் மூன்று பேரும் இறங்கினீர்கள். நான் ஓடிப்போய் வால்வை மூடி, சிலிண்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு உங்கள் பின்னால் வந்தேன்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. கேஸ் தீரப் போகுதுல்ல, அதான் கொஞ்சம் குதிச்சிருச்சு."

பெரியவளே, நீ அப்போது என்னைப் பார்த்தாய். சிலிண்டரை நிமிர்த்தும்போது நீ பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு எல்லாவற்றையும் சத்தமாய்க் கேட்கிற வழக்கம். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "அப்பா, ஒய் வாஸ் இட் லையிங் டவுன்?" என்று மட்டும் கேட்டாய். நான் குனிந்து உன் காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டேன். நீ அம்மாவிடம் போய்ச் சொல்லவும் இல்லை. என் பொய்க்கு உன்னையும் காவல் வைத்துவிட்டேன் என்று தோன்றியது.

வெயில் வந்ததும் உங்களை மரமேஜையில் போர்வை சுற்றி உட்கார வைத்துவிட்டு சிலிண்டரோடு கிளம்பினேன். பக்கத்து ஊரில் மாட்டுத்தீவனம் விற்கிற கடை ஒன்றில் நிரப்பித் தருவார்களாம். அங்கே போய் நின்றதும் ஒரு வயசான அம்மா வெளியே வந்தார். கையுறை போட்டுக்கொண்டு சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்க மண் ஒட்டியிருந்தது.

"இதைத் தூங்கப் போட்டாயா, ராஜா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"தீரப் போகுது, அதனால..."

"உள்ளே இருப்பது தண்ணி மாதிரி. நிற்கும்போது மேலே இருக்கிற ஆவி மட்டும் போகும். படுக்க வைத்தால் அந்தத் தண்ணியே டியூப்புக்குள் போகும். ஒரு சொட்டு, எத்தனை மடங்கு நெருப்பு என்று நினைத்துப் பார்." பிறகு கழுத்து வளையத்தில் குத்தியிருந்த தேதியைத் தேய்த்துக் காட்டினார். "இதற்கு வயசும் முடிந்துவிட்டது. நான் நிரப்பக் கூடாது. வாசலில் கூண்டு இருக்கிறது. கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள். போனதும் டியூப் மாட்டும் மூட்டுகளில் சோப்புத் தண்ணி தடவிப் பார்."

எதை வேண்டாம் என்று வழியெல்லாம் தாண்டி வந்தேனோ, அதையே வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்தேன். கிளம்ப முடியவில்லை. உள்ளே தண்ணி மாதிரிதான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் தோளில் அது குலுங்கியதைக் கேட்டவன். ஆனால் யோசித்ததில்லை. "படுக்கப் போடுங்கக்கா" என்று நான் சொல்லிவிட்டு வந்த அடுப்படிகள் ஒவ்வொன்றாய் முன்னால் வந்தன. பச்சைச் சுவர் அடுப்படி, ஜன்னல் இல்லாத அடுப்படி, மூலையில் தொட்டில் கட்டிய அடுப்படி. அவர்களில் யாருக்கு என்ன ஆனது என்று நான் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. காலியை எடுக்க அடுத்த தடவை வேறு ஆள் போயிருப்பான்.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் இருவரும் பைன் காய் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். படுக்க வைத்ததைச் சொன்னேன். பொய் சொன்னதைச் சொன்னேன். திண்டுக்கல் வீடுகளையும் சொன்னேன். அவள் மரமேஜையில் உட்கார்ந்து போர்வையை மடித்தபடியே கேட்டாள்.

"வார்டுல வர்றவங்ககிட்ட என்ன நடந்துச்சுன்னு கேப்பேன். ஒருத்தர்கூட நேராச் சொல்ல மாட்டாங்க. அதுவா பத்திக்கிச்சும்பாங்க. தெரியாமத்தான் மருந்து போடுவேன். வீட்டுலயும் அதே கதையா?"

"தப்புதான்."

"நாலு வருஷம், நாலு வருஷம்னு சொல்லுவீங்களே. அந்தக் கம்பெனில இதைத்தான் படிச்சுக் குடுத்தாங்களா?"

"கம்பெனில சொல்லல. நாங்களாக் கத்துக்கிட்டது."

"நல்லாக் கத்துக்கிட்டீங்க போங்க."

வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். டிரெய்லரை விற்றுவிடுங்கள் என்றாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் எழுந்தாள்.

"மாட்டுங்க. நான் பாக்குறேன்."

அவள் முன்னால் மாட்டினேன். கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவினேன். கசிந்தால் முட்டை முட்டையாய் நுரை கிளம்பும். நாலு பேரும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. சின்னவனே, நீதான் அழப் பார்த்தாய். "நோ பபிள்ஸ்? ஐ வான்ட் பபிள்ஸ்." அம்மாவுக்கு அன்றைக்கு முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. "வேணாம்டா சாமி, இதுல மட்டும் கேக்காத" என்று உன்னைத் தூக்கிக்கொண்டாள்.

மத்தியானம் சோறும் ரசமும் வைத்தேன். கொதித்து இறக்கும்வரை அவள் என் தோளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னைக்கு ராத்திரி இருப்போம். ஆனா இருட்டுறதுக்கு முன்னாடி கேஸை மூடிரணும். ஹீட்டர் வேணாம்."

"பிள்ளைங்களுக்குக் குளிருமே."

"எல்லாரும் ஒண்ணாப் படுத்துக்கலாம். இருக்கிற போர்வையெல்லாம் மேல போட்டுக்கலாம். அதுக்கு மேல என்னால இப்ப முடியாதுங்க."

சாயங்காலம் அவள் உங்களைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தூரத்தில் மூன்று நிழல்கள் கல் எறிவது தெரிந்தது. கல் விழுகிற சத்தம் நேரம் கழித்து வந்தது.

நான் சிலிண்டர் வால்வை இறுக்கி மூடினேன். அதோடு விட்டிருக்கலாம், அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் டியூப்புக்குள் கொஞ்சம் கேஸ் நிற்குமே, அதையும் எரித்துத் தீர்த்துவிட வேண்டும். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மேலே பாத்திரம் எதுவும் இல்லை. நீல வட்டம் முதலில் முழுசாய் இருந்தது. பிறகு தாழ்ந்தது. ஒவ்வொரு துளையாய் விட்டு விலகி, கடைசியில் ஒரே ஒரு துளையில், கடுகு அளவுக்கு நின்றது. மூச்சு பட்டு அணைந்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அது இல்லை. ரெண்டாவது பர்னரையும் திருகி, தீக்குச்சியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். தீ பற்றவில்லை. குச்சி விரல்வரை எரிந்ததும் அதை ஊதிவிட்டு, இரண்டு திருகுகளையும் மூடினேன்.